தமிழ் எழுதுவோம்: ஔவைக்குள் புகுந்த ளகரம்



சென்ற இதழில் ன, ண மயக்கத்தைப் பார்த்தோம். இம்முறை கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை. கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது பிழையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

ஔவையார் என்று கைத்தொலைபேசியில் எழுதும்போது நம்மவர் பலர் முதலில் ஒ, பிறகு ள என்று தட்டுகிறார்கள். திரையில் சரிபோலவே தெரியும். ஆனால் ஔ தனி ஓர் உயிரெழுத்து. அதன் பக்கத்தில் நிற்பது ளகரம் அல்ல, ளகரத்தின் சாயலில் உள்ள ஒரு குறி. கௌரி, மௌனம், சௌக்கியம் எல்லாவற்றிலும் இதே கதைதான். டூட்டிங்கில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளைகள் 'ஒ-ள-வை' என்று வாசித்தால் ஏசாதீர்கள். எழுதியிருப்பதைத்தானே வாசிக்கிறார்கள்!

கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண் மட்டுமே தெரியும். தொழிற்சாலையில் நாங்கள் பெட்டிகளில் ஒட்டும் இலக்கம் போல. உள்ளே என்ன இருந்தாலும் இயந்திரம் இலக்கத்தைத்தான் பார்க்கும். யூனிகோட் என்ற உலகப் பொது முறையில் ஔவுக்கு 2964. ஒவுக்கு 2962, ளவுக்கு 2995. கௌ என்பது 2965, 3020 என்று இரண்டு எண்கள். க, கொம்பு, ள என்று தட்டினால் 2965, 3014, 2995 என்று மூன்று. ஆகவே ஒருவிதமாகப் பதிந்த கௌரியை மற்றவிதமாகத் தேடினால் 'இல்லை' என்றே பதில் வரக்கூடும். அகரவரிசையிலும் ஒரு கௌரி கோ வரிசைக்குப் பின்னால், மற்றவள் கே வரிசைக்கு முன்னால். தமிழ் வகுப்புப் பட்டியல் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். போரில் பிரிந்த உறவின் பெயரைப் பட்டியல் பட்டியலாகத் தேடுகிற குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களுக்கு அந்த 'இல்லை' சின்னச் சொல் அல்ல.

இந்தப் பழக்கம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்து வந்தது. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தன. 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே பதிவது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஔகாரக் குறிக்குத் தனி விசை இல்லாததால் ளகரத்தையே போட்டார்கள். தாளில் அச்சடிக்க அது போதும். யூனிகோட்டில் 1991இலேயே தமிழுக்குச் சொந்த இடம் கிடைத்தது. பிறகு பழையவற்றை அதற்கு மாற்றியபோது சில மாற்றிகள் கொம்பையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரம் ஆக்கிவிட்டன. 'வெளிநாடு' 'வௌிநாடு' ஆனது. 'வெள்ளிக்கிழமை' 'வௌ்ளிக்கிழமை' ஆனது. 'தெளிவு'க்கும் அதே கதி! இன்றும் செய்திகளில் இவற்றைக் காணலாம்.

ஔ விசை அகப்படவில்லையென்றால் 'அவ்வை' என்று எழுதுங்கள். நன்னூல் அதற்கு இடம் கொடுக்கிறது. 'ஒளவை'க்கு எந்த இலக்கணத்திலும் இடமில்லை.

சோதிக்க ஒரு வழி உண்டு. பிள்ளையின் பெயரில் ஔகாரம் வரை தட்டிவிட்டு அழிக்கும் விசையை ஒரேயொரு தடவை அமர்த்துங்கள். 'கெ' மிஞ்சினால் நீங்கள் போட்டது ளகரம். ஔவில் 'ஒ' மிஞ்சினாலும் அப்படியே. பள்ளிக்கூடப் பதிவுக்குப் பெயர் கொடுக்குமுன் இதைச் செய்துபாருங்கள்.

அடுத்த இதழில் ரகரமும் காலும்.