வைக்கோல் செலவு மிச்சமாமே!

"ரப்பர் மேட் போட்டாச்சு, இனி குதிரைக்குப் படுக்கைச் செலவே கிடையாது" என்று கணக்குச் சொல்லும் லாயக்காரர்களைப் பார்த்தால் பி.காம். படிக்கிற எனக்கே பொறுக்கவில்லை. 12க்கு 12 அடி அறைக்கு 4க்கு 6 அடி விரிப்பு 6 வேண்டும். இது மூலதனச் செலவு, வருடக்கணக்கில் உழைக்கும், சரி. ஆனால் வைக்கோல் செலவைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. ரப்பர் மூத்திரத்தை உறிஞ்சுமா மக்களே? இடுக்கு வழியே அடியில் இறங்கித் தேங்கி, அம்மோனியாவாகக் குதிரையின் மூக்கில் ஏறும். குளம்பும் அழுகும். அந்த டாக்டர் பில்லை எந்தப் பேரேட்டில் எழுதுவார்களாம்?

குதிரை நின்றே தூங்குமே என்பார்கள். பாதிதான் உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும், ஈரத்தில் எப்படிப் படுக்கும்? விரிப்பின்மேல் கொஞ்சம் மரச்சீவல் பரப்பி, நனைந்ததைத் தினமும் அள்ளுங்கள். அவ்வப்போது விரிப்பைத் தூக்கிக் கழுவவும் வேண்டும் (முக்கால் அங்குல விரிப்பு ஒன்றே சுமார் 45 கிலோ, ஆள் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்).