எந்த இரண்டு மொழிகள்?

சென்ற மழைக்காலத்தில் நம் பழைய மாணவர் ஒருவரைக் காண மறைமலை நகருக்குச் சென்றிருந்தோம். கணிதத்தில் இளங்கலை படித்தவர். முதற்பகுதித் தமிழை நம்மிடம் கற்றவர். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். அவர் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவரே. மேசைமீது வழவழப்பான தாளில் அச்சிட்ட கையேடு ஒன்று கிடந்தது. மகளைச் சேர்த்திருக்கும் பள்ளியினுடையது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். குற்றம் ஒரு பள்ளியினுடையது மட்டுமன்று. ‘பன்முகப் பண்பாட்டுத் தொடக்கப்பள்ளி’, ‘பிரெஞ்சு–ஆங்கில இருமொழிக் கல்வி’ என்று முகப்பில் ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே பல நாட்டுக் கொடிகள். தமிழ் என்னும் சொல் கடைசிப் பக்கத்தில், நடனத்திற்கும் சதுரங்கத்திற்கும் இடையே, ‘கூடுதல் செயல்பாடுகள்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

“தமிழ் வீட்டுலயே வந்துடும் ஐயா. காசு குடுத்துப் படிக்கிறது வேற மொழியா இருக்கட்டுமேன்னுதான்” என்றார் மாணவர். நியாயமான சொல்லாகவே பட்டது. பேச்சு தொடர்ந்தபோதுதான், குழந்தையோடு வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுமாறு பள்ளி அறிவுறுத்தியிருப்பதும், தாயும் தந்தையும் அதைச் சிரத்தையாகக் கடைப்பிடிப்பதும் தெரிந்தது. அப்படியானால் தமிழ் எந்த வீட்டில் வரும்?

அவர்கள் வீடு ஏரிக்கரையை ஒட்டிய மனையில் இருக்கிறது. மூன்று நாள் மழை. உள்ளே வந்த பாட்டி பேத்தியைப் பார்த்து, “கண்ணு, கலங்கல் ஓடுது, அந்தப் பக்கம் போயிடாத” என்றார். ஆறு வயதுக் குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் மொழிபெயர்க்க முயன்றார். கலங்கலுக்கு அவருக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. ‘வாட்டர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அதே குழந்தை சற்று முன்னர்தான் வாரநாள்கள் ஏழின் பெயரையும் பிரெஞ்சில் நமக்கு ஒப்புவித்திருந்தது. அழகாகவே ஒப்புவித்தது. நமக்குப் பிரெஞ்சின்மீது பகை எழவில்லை. ஏரிகளின் மாவட்டம் என்று பெயர்பெற்ற செங்கற்பட்டில், ஏரிக்கரையில் வளரும் குழந்தைக்கு ஏரி நிரம்பி வழிவதை எச்சரிக்கும் சொல் சென்று சேரவில்லையே என்ற அச்சமே எழுந்தது.

இவ்விடத்தில் ஊரின் பெயரை நினைவூட்டியாக வேண்டும். சென்னையின் துணை நகரமாகத் திட்டமிடப்பட்ட இவ்வூருக்குத் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலையடிகளின் பெயர் சூட்டப்பட்டது. வேதாசலம் என்னும் தம் பெயரையே 1916ஆம் ஆண்டு மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் அவர். உடனே சிலர் புன்னகைப்பார்கள்: பிறமொழி வெறுப்பாளரின் பெயரைச் சொல்லிப் பிறமொழிக் கல்வியை எதிர்க்கிறீர்களா என்று. அவரைப் படியாதவர்களின் புன்னகை அது. அடிகள் வடமொழி கற்றவர். காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழில் பெயர்த்தவர். ஆங்கிலத்தில் இதழே நடத்தியவர். பிறமொழிகளைக் கற்றதனால் அவருடைய தமிழ் எதையும் இழக்கவில்லை. தமிழில் ஊன்றி நின்று அம்மொழிகளுக்குள் சென்றவர் அவர். இன்று அவர் பெயர் தாங்கிய ஊரில் மூன்றாம் மொழி முதலாவதாகவும், இரண்டாம் மொழி அதற்குத் துணையாகவும், முதல் மொழி சதுரங்கத்திற்குப் பக்கத்திலும் வைக்கப்படுகின்றன. நாம் கேட்பது ஒன்றுதான்: இருமொழிக் கல்வி என்கிறீர்களே, எந்த இரண்டு மொழிகள்?

பிரெஞ்சும் தமிழும் இந்நிலத்தில் சந்தித்தது இன்று நேற்றன்று. இருமொழியாளருக்கு நம்மிடம் பழைய சொல்லே உண்டு: துபாஷி. இரு மொழி உடையவர் என்பதே அதன் பொருள். அத்தொழிலில் நாம் மறக்கவியலாத பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்கு முதன்மைத் துபாஷியாக இருந்த அவர், 1736ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழக் கால்நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதினார். பகலெல்லாம் பிரெஞ்சு அதிகாரத்தின் அருகில் நின்றவர், தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதி வைத்தார். பிரெஞ்சிந்திய வரலாற்றை எழுதுவோர் இன்றும் அதைப் புரட்டியாக வேண்டியிருக்கிறது. இரண்டு மொழிகளில் ஒன்று தம்முடையதாக இருந்ததால்தான் அவரால் அப்பணியைச் செய்ய முடிந்தது. இரண்டுமே அயல்மொழிகளாய் இருந்திருந்தால் அவர் ஒரு நல்ல எழுத்தராக இருந்திருப்பார், அவ்வளவே.

எதிர்த்திசையிலும் இதுவே நடந்தது. பிரெஞ்சுக்காரரான ஜூலியன் வின்சோன் இளமையில் காரைக்காலில் தமிழறிந்து, பின்னர் பாரிசில் பல்லாண்டு தமிழ் கற்பித்தார், உ.வே.சாமிநாதையருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். தமிழுக்காக அவர் பிரெஞ்சைத் துறக்கவில்லை. நம் தலைமுறை வாசகர்க்கு இன்னும் அண்மையான சான்று வேண்டுமா? காம்யுவின் ‘அந்நியன்’ 1980இல் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து ‘குட்டி இளவரசன்’ தந்தார்கள். அந்நூல்கள் நம்மில் எத்தனை பேரின் வாசிப்பைத் திருப்பிப் போட்டன என்பதை இப்பக்கங்களைப் படிப்போர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் கைவரப்பெற்றவர்கள் பிரெஞ்சு கற்றதால் நமக்குக் கிடைத்தவை அவை. கலங்கல் தெரியாத குழந்தை நாளை பிரெஞ்சில் எவ்வளவு தேர்ந்தாலும், எதை எங்கிருந்து எங்கே கொண்டுவரும்?

புதுச்சேரியில் 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது; அங்கே படித்தவர்கள் தமிழை இழந்தார்களா என்று கேட்பார்கள். அங்கே பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற ‘சொல்தா’க்களின் வீடுகளில் தமிழ் இருந்தது; தெருவில் இருந்தது; கோயிலிலும் கடையிலும் இருந்தது. பள்ளி ஒரு மொழியைத் தந்தபோது ஊர் மற்றொன்றைத் தந்தது. மறைமலை நகரின் வாயிற்காவலர் நிற்கும் அடுக்ககத்தில், பள்ளிப் பேருந்துக்கும் தொடுதிரைக்கும் இடையில் வளரும் குழந்தைக்கு அந்தத் தெரு இல்லை. வீட்டையும் பள்ளி கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டது.

அறிவியல் பேசுவோரும் உளர். குழந்தையின் மூளை எத்தனை மொழியையும் ஏற்கும் என்பார்கள். ஏற்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் காட்டும் சான்றுகளை அருகில் சென்று பார்ப்போம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மொன்றியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில், 1965இல் ஆங்கிலம் பேசும் பெற்றோர் முன்முயற்சி எடுத்துத் தம் குழந்தைகளை மழலையர் வகுப்பு முதலே பிரெஞ்சில் கற்பிக்கச் செய்தனர். இருமொழிக் கல்வியின் வெற்றிக்கதை என்று உலகெங்கும் சொல்லப்படுவது இது. அக்குழந்தைகள் பிரெஞ்சும் கற்றார்கள், ஆங்கிலமும் குன்றவில்லை. ஏன்? ஆங்கிலம் அவர்கள் வீட்டு மொழி; கண்டம் முழுவதும் கோலோச்சும் மொழி; சில வகுப்புகளுக்குப் பின் பள்ளியும் அதை முறையாகக் கற்பித்தது. இரண்டில் ஒன்று தாய்மொழி என்பதை நம் கையேடுகள் சொல்வதில்லை. ஐரோப்பாவில் பல நாட்டு அலுவலர்களின் பிள்ளைகளுக்காக 1953இல் லக்சம்பர்க்கில் தொடங்கிய ஐரோப்பியப் பள்ளிகளைப் பாருங்கள். ‘பன்முகப் பண்பாடு’ என்று உரிமையோடு சொல்லத்தக்கவை அவை. அவற்றின் அடிப்படை விதியே, குழந்தையின் தாய்மொழி முதல் மொழி என்பதுதான். பிரான்சுக்குள்ளேயே, பள்ளியில் பிரெத்தோன் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர், 1977இல் தம் மொழிக்கென ‘திவான்’ பள்ளியைத் தாமே தொடங்க வேண்டியிருந்தது. பிரெஞ்சின் வீட்டிலேயே தாய்மொழியை இழந்தவர்கள் அதை மீட்கப் பள்ளி கட்டுகிறார்கள். நாமோ இழப்பதற்குக் கட்டணம் கட்டுகிறோம்.

இனி வேலை. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை 2000இல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010இல் வந்தது. ஆகவே பிரெஞ்சு சோறு போடும் என்கிறார்கள். கொரியாவின் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1998இலேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள் தொங்குகின்றன. சோறுதான் கணக்கென்றால் கொரிய–ஆங்கில இருமொழிப் பள்ளிக்கல்லவா முதலில் வரிசை நின்றிருக்க வேண்டும்? நிற்கவில்லை. ஏனெனில் இங்கே பிரெஞ்சு கருவியன்று, நகை. மேலும், நிறுவனத்தை நம்பி மொழியைத் தேர்வதன் கதியை மறைமலை நகரைவிட நன்கறிந்த ஊர் எது? ஃபோர்டு நிறுவனம் 2021இல் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்து, மறுஆண்டு இங்கே கார் உற்பத்தியை நிறுத்தியது. 2024இல் மீண்டும் வருவதாகச் சொன்னது. ஆலைகள் வரும், போகும். ஆறு வயதில் கைநழுவவிட்ட மொழி அப்படித் திரும்புவதில்லை.

உண்மையான பன்முகப் பண்பாட்டுத் தொடக்கப்பள்ளியைப் பார்க்க விரும்புவோர் இத்தொழில்தடத்தின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்குச் செல்லட்டும். கட்டுமானத்திற்கும் ஆலைக்கும் வந்த ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்திருக்கிறார்கள். நாம் கண்ட ஒரு வகுப்பில் ஒடியாச் சிறுமி ஒருத்தி ஓராண்டுத் தமிழில், பக்கத்துப் பையனின் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளைப் படம்பிடித்துக் கையேடு அச்சிடுவார் இல்லை. ஆனால் அவளுடைய மொழியை அறிந்த ஆசிரியரும் அங்கே இல்லை. திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளில் ஒடியாப் பாடநூல்களோடு பணியிடப் பள்ளிகள் நடந்ததுண்டு. ஆக, செய்யவியலாத காரியமன்று. நம் குழந்தைக்கு நம் மொழி வேண்டும் என்று முழங்கும் நாம், அச்சிறுமிக்கு அவள் மொழி வேண்டும் என்று கேட்காவிட்டால் நம் முழக்கத்திற்கு மதிப்பில்லை.

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியது. பிற பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் அதை விரிவாக்கும் ஆணை 2014இல் வந்தது. ஆயினும், கால அட்டவணையில் ஓர் ஓரத்தில் தமிழை எழுதிவைத்துச் சட்டத்தை நிறைவேற்றிவிடலாம். வீட்டில் தமிழ் பேசாதீர் என்று பெற்றோரிடம் சொல்வதைத் தடுக்க எந்தப் பிரிவும் இல்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கதவு திறந்துவிடுகிறது. மேனிலை வகுப்பில் முதற்பகுதியாகப் பிரெஞ்சை எடுத்து மதிப்பெண்ணை அள்ளிக்கொள்ளும் வழக்கம் நாமெல்லாம் அறிந்ததே.

அறிந்தது மட்டுமன்று. நம் மகள் பதினோராம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்தாள். மதிப்பெண் எளிது என்றார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர் தமிழில் முதுகலை பெற்று, தமிழ் கற்பித்து ஊதியம் வாங்கும் நாம்தாம். மொழித்தாளில் மிகுந்த மதிப்பெண் பெற்றாள். இன்று அவளால் ஒரு பிரெஞ்சு நாளிதழின் தலைப்பைப் படித்துப் பொருள் சொல்ல முடியாது. நம் அலமாரியில் இருக்கும் ‘அந்நியன்’ தமிழிலும் அவளுக்கு மெதுவாகத்தான் நகர்கிறது. நம் துறையின் ஆசிரியர் அறையில் இக்கதை நம்முடையது மட்டுமன்று. ஆகவே மாணவரின் வீட்டில், அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கில்லை என்று உணர்ந்தே அமர்ந்திருந்தோம். நாம் வழிகாட்டிய இடத்திற்குத்தான் அவர் சற்று முன்னதாகவே, ஒன்றாம் வகுப்பிலேயே, போய்ச் சேர்ந்திருக்கிறார்.

தகுதி இல்லாவிட்டாலும் கோரிக்கையை வைக்கிறோம். தமிழ்க் குழந்தைக்கு இருமொழிக் கல்வி தருவதாகச் சொல்லும் தொடக்கப்பள்ளியில், இரண்டில் ஒன்று தமிழாக இருக்கட்டும். விளையாட்டு வேளைத் தமிழன்று, கணக்கும் சூழலியலும் கற்பிக்கும் தமிழ். பிரெஞ்சு பிறகு வரட்டும், வரவேற்போம். அது வரும்போது மதிப்பெண்ணுக்கு மனனம் செய்யும் தாளாக வராமல், ஒரு பத்தியையாவது தமிழுக்குக் கொண்டுவரச் சொல்லும் தேர்வாக வரட்டும். ஒடியா பேசும் குழந்தைக்கு ஒடியா ஆசிரியர் வரட்டும். வீட்டில் எந்த மொழி பேச வேண்டும் என்று சொல்லும் உரிமையை எந்தப் பள்ளிக்கும் பெற்றோர் கொடாதிருக்கட்டும்.

விடைபெற்றபோது மழை சற்று விட்டிருந்தது. மாணவர் ஏரிக்கரைவரை உடன் வந்தார். “கலங்கலுக்குப் பிரெஞ்சுல என்ன ஐயா?” என்று கேட்டார், கிண்டலாக அன்று. தெரியவில்லை என்றோம். “முதல்ல தமிழ்ல சொல்லிக் குடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டிற்குத் திரும்பினார்.