சட்டத்தைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?



அண்மைக் காலமாகச் செய்தித்தாளைப் பிரித்தால், ஏதேனும் ஒரு துறையில் அரசாங்கம் எடுத்த நடவடிக்கை கண்ணில் படுகிறது. ஒரு நாள் மின்சிகரெட், மறுநாள் இணைய மோசடி, அதற்கடுத்த நாள் வங்கிகளுக்கு அபராதம். இச்செய்திகள் நம் வீடுகளில் பேசப்படும் முறையைக் கவனித்து வருகிறேன். "எவ்வளவு அபராதம்? எத்தனை பிரம்படி?" என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அருகில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையும் அதைக் கேட்கிறது. சட்டம் என்பது ஒரு விலைப்பட்டியல் என்றும், பிடிபடாதவன் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் அப்பிள்ளை புரிந்துகொள்கிறது. இந்தப் புரிதல் பிள்ளைக்கே ஆபத்தாக முடியும் என்பது என் கருத்து.

நம் தொடக்கப்பள்ளிகளில் நன்னெறிக் கல்வியைத் தாய்மொழியில் நடத்துகிறோம். ஆகவே, சட்டத்தின் காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பு தமிழாசிரியர்களுக்கும் உண்டு. காரணம் சொல்வது எளிதன்று. மாணவர்களைத் தேக்காவுக்குக் கற்றல் பயணம் அழைத்துச் சென்றிருந்தபோது, மதுக் கட்டுப்பாட்டு அறிவிப்பு ஒன்றைப் படித்த ஒரு மாணவி, "ஏன் இங்கே மட்டும்?" என்று கேட்டாள். "அது சட்டம், பேசாமல் நட" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அக்கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத்திலிருந்து வந்த ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு மாண்டார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, நிலைமை முற்றியதற்கு மதுவும் ஒரு காரணம் என்று கண்டது. 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவது தடைசெய்யப்பட்டது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனி வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டு, அங்கு வாரயிறுதி முழுவதற்கும் அத்தடை நீண்டது.

இதில் இரு தரப்பு நியாயங்கள் உண்டு. வாரத்தில் ஒரே நாள் ஓய்வு பெறும் ஊழியர்மீதே இவ்விதி அதிகமாக விழுகிறது என்பார்கள் சிலர். அடுக்குமாடி வீட்டின் கீழே குழந்தைகளோடு அச்சமின்றி நடக்க முடிகிறது என்பார்கள் அங்கே குடியிருப்போர். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இவ்விரண்டையும் சொல்லலாம். ஒரு விதி ஏன் பிறந்தது, யாரைக் காக்கிறது, யார்மீது பாரமாக விழுகிறது என்று எண்ணிப் பார்க்கப் பழகிய பிள்ளை, யாரும் பார்க்காத இடத்திலும் அவ்விதியை நினைவில் வைத்திருக்கும்.

வங்கிகளின் செய்தியிலும் ஒரு பாடம் உள்ளது. 2023 ஆகஸ்ட்டில் வெளிநாட்டினர் பத்துப் பேர் கைதான கள்ளப்பண வழக்கில், 300 கோடி வெள்ளிக்கும் மேற்பட்ட சொத்துகள் சிக்கின. அந்தப் பத்துப் பேரும் தண்டிக்கப்பட்டதோடு விவகாரம் முடியவில்லை. 2025 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம் ஒன்பது நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடியே 74 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி அபராதம் விதித்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று சரிவர விசாரிக்காததும், ஐயத்துக்குரிய பரிவர்த்தனைகளை உரிய முறையில் தொடர்ந்து கவனிக்காததும் அவற்றின்மீது கூறப்பட்ட குறைகள். காவல் காக்க வேண்டியவர் கேள்வி கேட்காமல் இருந்தால் அதுவும் தவறே என்பதைப் பெற்றோராகிய நாமும் கவனத்தில் கொள்ளலாம்.

மோசடித் தடுப்பில் வேறொரு பாடம். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிக்காரர்களிடம் மக்கள் இழந்த தொகை 110 கோடி வெள்ளி. 2025 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள மோசடிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஏமாற்றப்படும் ஒருவர் தம் பணத்தைத் தாமே அனுப்பத் துடித்தாலும், அவருடைய வங்கிக் கணக்கைக் காவல்துறை தற்காலிகமாகக் கட்டுப்படுத்தலாம். எடுத்துச் சொல்லியும் அவர் நம்ப மறுத்தால், வேறு வழியில்லாதபோதுதான் அந்த அதிகாரம் பயன்பட வேண்டும். முதலில் பேச்சு, அது பலிக்காதபோது தடை. இதே சட்டத்துறை, மோசடிக்காரர்களிடம் கடுமையாகவும் நடந்துகொள்கிறது. 2025 டிசம்பர் 30 முதல் மோசடிக் குற்றத்துக்குக் குறைந்தது ஆறு பிரம்படி கட்டாயமாக்கப்பட்டது. வங்கிக் கணக்கை மோசடிக்காரர்களுக்குக் கொடுத்து உதவுவோருக்கும் பிரம்படி விதிக்கப்படலாம். 'கணக்கைக் கொடு, காசு தருகிறோம்' என்ற வலையில் இளையர் சிக்குவதால், இதைப் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இன்றே பேசுங்கள்.

இனி, நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட மின்சிகரெட்டைப் பற்றிச் சொல்கிறேன். 2018 பிப்ரவரி முதலே அதை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் வாங்குவதும் சிங்கப்பூரில் குற்றம். 2025இல் அப்பிரச்சினையின் முகமே மாறியது. பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் அவ்வாண்டு ஜூலையில் தெரிவித்தார். எட்டோமிடேட் என்பது மருத்துவமனையில் நோயாளியை மயக்கமுறச் செய்ய மருத்துவர்கள் ஊசிவழி செலுத்தும் மருந்து. அதைப் புகையாக உறிஞ்சும் பிள்ளைக்கு நிதானம் தவறலாம், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகஸ்ட்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தமது தேசிய தினப் பேரணி உரையில், இனி இது போதைப்பொருள் பிரச்சினையாகக் கையாளப்படும் என்று அறிவித்தார். செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் 'சி' வகைப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது.

அவ்வேளையில் பெரும்பாலோர் மனத்தில் பதிந்தது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு 500 வெள்ளி, மற்றவர்களுக்கு 700 வெள்ளி என்ற அபராதக் கணக்குத்தான். அதே அறிவிப்பில் இருந்த மற்றொரு பகுதியைப் பலர் கவனிக்கவில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'குவிட்வேப்' திட்டத்தில் தாமாக முன்வந்து உதவி கேட்போருக்குத் தண்டனை இல்லை என்பதே அது.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் மகனுடைய பையில் அக்கருவியைக் கண்டெடுத்தார். அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, மூன்று வாரங்கள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. "சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?" என்று என்னிடம் கேட்டார். அந்த மூன்று வாரங்களில் மகன் இன்னொன்றை வாங்கியிருந்தான். அதற்குள் என்ன கலந்திருந்தது என்று பார்வையால் அறிய எவராலும் இயலாது. பிறகு குடும்பத்தோடு ஆலோசனைக்குச் சென்றார்கள். இன்றும் சென்றுகொண்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அவ்வீட்டில் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறார்கள்.

அந்தத் தாயை நான் குறை கூறவில்லை. அபராதத் தொகையை மட்டும் அறிந்தவருக்கு ஒளிப்பதைத் தவிர வேறு வழி தோன்றாது. கடத்துவோருக்கும் விற்போருக்கும் கடுந்தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிள்ளைக்காகத் திறந்து வைக்கப்பட்ட கதவை நம்முடைய வெட்கமே சாத்திவிடக் கூடாது.

பெற்றோருக்குச் சில சொற்கள். பிள்ளையின் பையில் ஏதேனும் கண்டால், அடிப்பதற்கும் ஒளிப்பதற்கும் முன் உட்கார்ந்து பேசுங்கள். எப்போது தொடங்கினான், யார் கொடுத்தார்கள், உடலில் என்ன மாற்றம் என்று கேளுங்கள். பள்ளியின் ஆலோசகரை நாடுங்கள். நடப்பிலுள்ள விதிகளையும் உதவித் திட்டங்களையும் அவரிடமே கேட்டுத் தெளியலாம். ஆசிரிய நண்பர்களே, உதவி கேட்டு வரும் பிள்ளையை வகுப்பின் முன் எடுத்துக்காட்டாக நிறுத்திவிடாதீர்கள். ஒருமுறை அவ்வாறு நடந்தால், அடுத்த பிள்ளை வாய் திறக்காது.

திருக்குறளின் அதிகார வரிசையை நினைத்துப் பாருங்கள். செங்கோன்மை, கொடுங்கோன்மை, அதன்பின் வெருவந்த செய்யாமை, அதையடுத்துக் கண்ணோட்டம். முறையான ஆட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கிய வள்ளுவர், பிறர் அஞ்சும்படி நடவாமைக்கும் இரக்கத்துக்கும் அதன் அருகிலேயே இடம் தந்திருக்கிறார். வீட்டையும் வகுப்பறையையும் ஆள்கின்ற நமக்கும் அவ்வரிசை பொருந்தும்.

அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, "எவ்வளவு அபராதம்?" என்று கேட்பதற்கு முன், "இச்சட்டம் ஏன் வந்தது, உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அது சொல்லும் பதிலைக் கேட்க நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியர்