வீட்டுக்குள் ஒரு கொட்டகை

நாலு பேர் உள்ள குடும்பம் சினிமாவுக்குப் போய் வருவதென்றால் சாமான்யமான காரியமா? டிக்கெட், ஆட்டோ, இடைவேளையில் குழந்தைகளின் நச்சரிப்பு எல்லாம் சேர்ந்து மாதச் செலவில் துண்டு விழச் செய்துவிடும். போதாக்குறைக்கு வீட்டில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருந்துவிட்டால், தியேட்டர் படிகள் மலைப் படிகள்தான். "வீட்டிலேயே ஒரு புரொஜக்டர் வாங்கிவிட்டால் என்ன?" என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது.

எங்கள் வீட்டிலும் அம்மாவுக்காகத்தான் எழுந்தது. சீட்டு எடுத்த பணத்தில் வாங்கி, கூடத்துக் கூரையில் மாட்டியும் ஆயிற்று. படம் ஓட ஆரம்பித்ததும் பார்த்தால், கதாநாயகியின் நெற்றியில் மின்விசிறியின் நிழல் சுற்றுகிறது! விசிறியை நிறுத்தினால் நமக்கு வேர்வை. ஓடவிட்டால் அவளுக்குக் குளிர் ஜுரம். சரியென்று கருவியைப் புத்தக அலமாரிக்குள் தள்ளினோம். அரை மணியில் சூடேறித் தானாகவே அணைந்து போயிற்று. "என்னால்தானே இந்தத் தண்டச் செலவு" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து உள்ளே போனாள். எனக்குச் சுருக்கென்றது.

திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டர் வாங்கி, ஊர் ஊராகப் படம் காட்டினார். அவர் கருவிக்குத் தகுந்தபடி கூடாரம் அடித்துக்கொள்ளலாம். நாமோ கட்டி முடித்த நாலு சுவருக்குத் தகுந்தபடிதான் கருவியைத் தேட வேண்டும். ஆகையால், சகோதரிகளே, கடைக்குக் கிளம்புமுன் அளவு நாடாவை எடுங்கள்.

100 அங்குலப் படம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. அதன் அகலம் சுமார் 7¼ அடி. உயரம் சுமார் 4 அடி. புடவையின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதானே! பழைய புடவை ஒன்றை 7¼ அடி நீளத்துக்கு மடித்துச் சுவரில் குறுக்காகத் தொங்கவிட்டு, தூர நின்று பாருங்கள். இடம் போதுமா, ஜன்னல் இடிக்கிறதா என்பது விளங்கிவிடும்.

அடுத்தது தூரம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு 'த்ரோ' விகிதம் உண்டு. படத்தின் அகலத்தை அதனால் பெருக்கினால், கருவி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று தெரியும். விகிதம் 1.5 என்றால் 100 அங்குலப் படத்துக்குச் சுமார் 11 அடி. அந்த வழியில் விசிறி குறுக்கிடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். சுவரோரத்திலேயே வைக்கும் ரகமும் இருக்கிறது, விலைதான் கூடுதல். கோணலாக வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கி நேராக்கலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் படத்தின் துல்லியம் சற்றுக் குறையும். நேராக வைப்பதே உத்தமம். காற்றுப் போகும் துவாரங்களை அடைக்காமல் நாலு பக்கமும் இடம் விடுங்கள்.

இனி உழைப்பு. பழைய மாதிரி விளக்கு உள்ளவை ஏறக்குறைய 4,000 மணி நேரம் உழைக்கும். தினம் 3 மணி நேரம் பார்த்தால் மூன்றரை வருஷம். பிறகு புது விளக்கு மாற்றலாம். லேசர் ரகத்துக்கு 20,000 மணி என்பார்கள். கணக்குப்படி 18 வருஷம்! ஆனால் ஒளி பாதியாகக் குறைவதற்கான கணக்கு அது. உள்ளேயிருக்கும் விசிறியும் மற்ற உறுப்புகளும் அதுவரை தாங்க வேண்டுமே! எனவே கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: பழுது பார்க்கும் இடம் நம் ஊரில் உண்டா? கருவிக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம்? விளக்குக்குத் தனியாக எவ்வளவு? தூசி வடிகட்டி இருந்தால் அதை நாமே சுத்தம் செய்யலாமா? வெளிச்சத்தைச் சொல்லும்போது வெறும் 'லூமென்ஸ்' என்றால் மயங்காதீர்கள். 'ஆன்ஸி' அல்லது 'ஐஎஸ்ஓ' லூமென்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

இன்னொன்று: புரொஜக்டர் கறுப்பு நிறத்தை வீசாது. வெளிச்சம் விழாத இடந்தான் நமக்குக் கறுப்பு. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். கனமான திரைச்சீலைக்கும் பட்ஜெட்டில் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

எங்கள் கருவி என்ன ஆயிற்று என்கிறீர்களா? நல்ல வேளையாகக் கெட்டுப் போகவில்லை. அளந்து பார்த்து, 11 அடி தள்ளி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு குட்டி மேஜைமேல் வைத்தோம். ஒளி விசிறிக்குக் கீழாகவே போய்விட்டது. மறுநாள் ராத்திரி அம்மா இடைவேளையில் மட்டும் எழுந்து, எல்லோருக்கும் காப்பி கலந்துகொண்டு வந்தாள். செலவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.