நூற்றுக்கு மூவர் என்னும் கணக்கு

இந்நாட்டில் வேலையற்றிருப்போர் நூற்றுக்கு மூவரே என்று 2025ஆம் ஆண்டில் சர்க்கார் புள்ளிவிவர இலாகா கணக்குக் கொடுத்தது. அக்கணக்கை மேடைதோறும் படித்துக் காட்டி மகிழும் கனவான்கள், அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்லி வருகிறார்கள். வேலை மலைபோல் குவிந்து கிடக்கிறதாம். தமிழன்தான் உடம்பு வணங்க மாட்டேன் என்கிறானாம். அதனாலேயே தோட்டங்களுக்கு வெளிநாட்டாரைத் தருவிக்க வேண்டியிருக்கிறதாம். இந்த இரண்டாவது பேச்சு, துரைமார் சொல்லிக் கிராணிமார் கேட்டு, கிராணிமார் சொல்லி நகரத்து வியாபாரிகள் கேட்டு, இப்பொழுது நம்மவர் வீட்டுத் திண்ணைகளிலும் வேதவாக்காய் வழங்குகிறது. தோட்டத்தில் பிறந்து நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கும் வாலிபரே தம் சித்தப்பன்மாரைச் சோம்பேறி என்று பேசக் கேட்கிறோம். இப்பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறதென்பதை ஜொகூரின் உட்பகுதி ஜில்லாக்களை வைத்து ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் கணக்கை எடுத்துக்கொள்வோம். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கோ இலாபத்திற்கோ உழைத்தவர், அல்லது குடும்பத் தொழிலில் அவ்வளவு நேரம் கைகொடுத்தவர், வேலையுள்ளவர் என்றே எழுதப்படுகிறார். இது மலேசியா மட்டும் செய்யும் சூதன்று. உலகெங்கும் உள்ள வழக்கம். வாரத்தில் முப்பது மணிக்கும் குறைவாக வேலை கிடைத்து, மேலும் வேலை வேண்டி நிற்போரைக் குறைவேலைக்காரர் என்று தனி வரிசையில் அதே இலாகா வெளியிடுகிறது. அந்த வரிசையை மேடையில் எவரும் படிப்பதில்லை. வீட்டு வேலை பார்க்கும் பெண்ணோ வேலையுள்ளவளும் அல்லள், வேலையற்றவளும் அல்லள். உழைப்போர் கூட்டத்திற்கே வெளியே நிற்பவள். நூற்றுக்கு இத்தனை என்று வகுக்கும்பொழுது அவள் மேலும் வருவதில்லை, கீழும் வருவதில்லை. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

தோட்டத்து வேலையில்லாத் திண்டாட்டத்திற்கு ஒரு விசேஷம் உண்டு. அது தோன்றிய இடத்தில் நிற்பதில்லை. பட்டணத்தில் வேலை போனவன் அதே தெருவில் அதே வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடலாம். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போயிற்று; வீடு போனால் ஆளும் போயாக வேண்டும். ஆள் போனபின் அந்த ஜில்லாவில் வேலையற்றவர் ஏது? கணக்கு சுத்தமாய்த் துடைத்துவிட்ட பலகைபோல் ஆகிவிடுகிறது.

இந்த வித்தை இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1909இல் ரயில் ஜொகூர் பாருவை எட்டியபின் சிகாமட்டிலிருந்து லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் வழியாகக் கூலாய் வரைக்கும் இருப்புப் பாதையின் இருமருங்கிலும் காடழிந்து பால்மரம் எழுந்தது. 1925ஆம் ஆண்டின் இறுதியில் இறாத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1932இல் பத்துக் காசுக்கும் கீழே விழுந்தது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்றிருந்த கூலி பல தோட்டங்களில் முப்பதுக்கும் கீழே இறங்கிற்று. வேலையற்றுப்போன தமிழரை அன்றைய சர்க்கார் என்ன செய்தது? சோறு போட்டதா? நிலம் கொடுத்ததா? கப்பலேற்றி அனுப்பிவிட்டது! 1930ஆம் ஆண்டு தொடங்கிய மூன்று நான்கு ஆண்டுகளில் மலாயாவினின்றும் இவ்வாறு சர்க்கார் செலவில் திருப்பியனுப்பப்பட்டவர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர். விலை ஏறியபொழுது மறுபடியும் ஆள் கேட்டார்கள்; கூலியை மட்டும் விலையோடு ஏற்ற மனமில்லை. கடைசியில் 1938இல் இந்திய சர்க்கார் கூலியாட்களை உதவிப் பணத்தில் அனுப்புவதையே தடுத்துவிட்டது. 1969இல் பிரஜாவுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபொழுதும் இதே காட்சிதான். ஏறத்தாழ அறுபதினாயிரம் தோட்டத் தமிழர் மூட்டை கட்டிக்கொண்டு, பலர் பிறந்தும் பாராத ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் போனதனால் குறைந்த வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சர்க்காரின் சாதனையாக எழுதுவது எந்தக் கணக்கு சாஸ்திரம் என்று கேட்கின்றோம்.

இப்பொழுது கப்பல் இல்லை. கப்பலின் இடத்தில் லாரி வந்திருக்கிறது. நாகப்பட்டினத்தின் இடத்தில் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், உலு திராம். லயம் கலைந்த குடும்பங்கள் அங்கே போய் மலிவு வீடுகளில் அடைந்தன.

ஏன் கலைந்தன? இங்கேதான் செம்பனையின் கதை வருகிறது. இந்நாட்டில் வியாபார முறையில் செம்பனை முதன்முதல் 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. அப்பொழுது அது ஒரு மூலையில் கிடந்த பயிர். 1960க்குப் பின்பு பால்மரத்தை வெட்டியெறிந்துவிட்டு எங்கும் செம்பனை நட்டார்கள். இன்று தீபகற்பத்தில் பகாங்குக்கு அடுத்த பெரிய செம்பனை மாநிலம் ஜொகூரே. முதலாளிமாருக்கு இதில் இலாபம் எண்ணெயின் விலையில் மட்டும் இல்லை. பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டும். விடியுமுன் பிரட்டு, வெயில் ஏறுமுன் வெட்டு, அதன்பின் மங்கு மங்காய்ப் பால் எடுத்துச் சுமந்து ஸ்டோரில் நிறுக்க வேண்டும். செம்பனைக் குலையையோ பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று அறுத்தால் போதும். அதே நிலத்துக்குப் பால்மரம் கேட்ட ஆட்களில் பாதிக்கும் குறைவானவரே செம்பனைக்கு வேண்டும். மிகுந்தவர் எங்கே போனார் என்று கேட்பாரில்லை.

அதனினும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம் தலைவர்கள் எவரும் வாய் திறவாத விஷயம் அது. பால்மரக் காட்டில் பெண் ஆணுக்கு நிகராக வெட்டினாள். கத்தி பிடிக்கும் கைக்குப் பலத்தைக் காட்டிலும் பதம் வேண்டும். பட்டையைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவலாய் எடுப்பதில் பெண்களே பல தோட்டங்களில் பேர் வாங்கினார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு நிறை, மூன்று நிறை. இரண்டு சம்பளம், மூன்று சம்பளம். கூலி அற்பமானாலும் அடுப்பு எரிந்தது. செம்பனை வந்ததும் உயரமான மரத்தில் நீண்ட கழியில் அரிவாளைக் கட்டிக் குலையை அறுத்து, அதைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளும் வேலை ஆணுக்காயிற்று. பெண்ணுக்கு மிஞ்சியவை உதிரிப் பழம் பொறுக்குதல், உரம் போடுதல், மருந்தடித்தல். மருந்தென்று சொல்லிக்கொண்டு விஷத்தை முதுகில் சுமந்தாள். பாராகுவாட் என்னும் அவ்விஷத்தை 2002இல் நிறுத்தப் போவதாகச் சொல்லி, 2006இல் மறுபடியும் அனுமதித்து, முடிவாய் 2020இல்தான் தடுத்தார்கள். அதற்குள் எத்தனை பெண்களின் நகமும் தோலும் மூச்சும் கெட்டன!

மூன்று சம்பளம் வந்த வீட்டில் ஒரு சம்பளம் வந்தது. வேலை இழந்த அப்பெண்களை வேலையற்றோர் வரிசையில் எழுதினார்களா? இல்லை. அவர்கள் குடும்பத் தலைவியர் ஆனார்கள். நேற்று வரை மூன்று மணிக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டுப் பிரட்டுக்கு நின்றவளுக்கு இன்று திடீரென்று கிடைத்த கௌரவப் பட்டம் அது! 2023இல் உழைக்கும் வயதுடைய ஆண்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் உழைப்போர் கணக்கில் இருக்க, பெண்களில் ஐம்பத்தாறு பேர் அளவே இருந்தனர். மீதிப் பெண்கள் எல்லோரும் மனம் விரும்பி வீட்டில் இருக்கிறார்களா? ரெங்கத்திலும் பாலோவிலும் உள்ள ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு வேலை வேண்டுமென்றால் பஸ் வேண்டும். குழந்தையை விட்டுச் செல்ல ஆயாக்கொட்டகை வேண்டும். தோட்டத்தில் இருந்த ஆயாக்கொட்டகையும் லயத்தோடு இடிந்தது. சில நகரத்து நண்பர்கள், பெண் வீட்டில் இருப்பதே குடும்பத்திற்கு மேன்மை என்கிறார்கள். பாட்டி உழைத்த பணத்தில் படித்துவிட்டுப் பேத்திக்கு இவ்வுபதேசம் செய்யும் துணிவு வியக்கத்தக்கது.

சோம்பேறித்தனம் என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். 2020 மே மாதத்தில் கொள்ளைநோயின் அடைப்பினால் இந்நாட்டில் 8,26,100 பேர் வேலையற்றிருந்தார்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல். 2021 செப்டம்பரிலும் அது நாலரையாக இருந்தது. அந்தச் செப்டம்பரில்தான் தோட்டங்களுக்கு ஆள் போதாதென்று 32,000 வெளிநாட்டாரைத் தருவிக்கச் சர்க்கார் விசேஷ அனுமதி கொடுத்தது. பார்த்தீர்களா, பழம் அழுகுகிறது, நம் ஆள் வரவில்லை என்று அன்று கைகொட்டியவர் பலர். அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. 2020 பிப்ரவரி முதல் மாநகர, நகராட்சி எல்லைக்குள் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 வெள்ளி. அதற்கு வெளியே 1,100 வெள்ளி. தோட்டம் எல்லைக்கு உள்ளே இருக்குமா, வெளியே இருக்குமா? கடினமான வேலைக்குக் குறைந்த கூலி, இலேசான வேலைக்கு நூறு வெள்ளி அதிகம்; இதைச் சட்டமே 2022 ஏப்ரல் முடிய வகுத்துவைத்திருந்தது! மே மாதத்தில் 1,500 என்றும், 2025 பிப்ரவரியில் 1,700 என்றும் ஏற்றினார்கள். நன்று. ஆனால் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல். விடியுமுன் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் ஜொகூர் பாரு குடிநுழைவுச் சாவடியில் மோட்டார்சைக்கிள்களின் வரிசையைப் பார்த்தவர் எவரும் தமிழன் சோம்பேறி என்று சொல்ல நாக்கூசுவர். பிரட்டுக்கு எழுந்த அதே நேரத்தில் எழுகிறான். வேறு துரைக்கு உழைக்கிறான், அவ்வளவே. வீடுவீடாய்க் கேட்டு எழுதும் கணக்காதலின் அவன் பெயரும் ஜொகூரில் வேலையுள்ளவர் வரிசையில்தான் ஏறுகிறது. வேலை கொடுத்த பெருமையை நம் கனவான்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளி நமக்குப் பகைவன் என்று சிலர் ஜனங்களைத் தூண்டுகிறார்கள். இந்தோனேசியாவினின்றும் வங்காளதேசத்தினின்றும் வருபவன் நம் பாட்டன் வந்த வழியிலேயே வருகிறான். பாட்டனுக்குக் கங்காணியின் கடன். இவனுக்கு ஏஜண்டின் கடன். பாட்டனின் தலைக்கு எண்ணிக் கங்காணி தலைக்காசு வாங்கினான். இவன் தலைக்கு எண்ணிக் கண்டிராக்டர் வாங்குகிறான். இவனுடைய அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதனால், கூலி குறைவென்று அடுத்த தோட்டத்துக்குப் போக வழியில்லை. இப்படிப்பட்டவனே தங்களுக்கு வேண்டுமென்று முதலாளிமார் கேட்பது தமிழனின் சோம்பலினாலா, தமிழன் எழுந்து போய்விடக் கூடுமே என்னும் அச்சத்தினாலா? இவனுக்கும் கூலி உயர்ந்தாலன்றி நமக்கும் உயராது.

நம்மவர் பக்கத்துக் குறையை மறைக்க நாம் எழுதவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை போனாலும் சாராயம் நகரத்துக்குக் கூடவே வந்தது. வீட்டுக்கு ஒரு திருவிழாக் கடன் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு தொழில் சான்றிதழ் இல்லை. ஒட்டுவேலை, மின்வேலை, குளிர்சாதன வேலை ஆகியவற்றில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றவனுக்கும் வெறுங்கையனுக்கும் சம்பளத்தில் எவ்வளவு தூரம் என்பதைப் பாசிர் கூடாங்கில் போய்க் கேட்கலாம். ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் பணம் திரட்டும் சங்கங்கள், பாலோவிலிருந்து குளுவாங்குக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேன் விட்டால் என்ன? 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபொழுது, துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை வாங்குவதற்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தவர்கள் இப்பாட்டாளிகள்தாமே! கொடுக்கத் தெரியாத ஜனங்களல்லர். எதற்குக் கேட்பதென்று கேட்பவருக்குத் தெரியவில்லை.

இப்பொழுது தோட்ட நிலத்திற்கு மற்றொரு விருந்தாளி வந்திருக்கிறான். கூலாயிலும் செடனாக்கிலும் செம்பனை நின்ற மண்ணில் கணினித் தகவல் நிலையங்கள் எழும்புகின்றன. 2025 ஜனவரியில் ஜொகூர் சிங்கப்பூர் விசேஷப் பொருளாதார வட்டார ஒப்பந்தமும் முடிந்தது. கோடி கோடியாய் மூலதனம் என்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பால்மரத்திற்குச் செம்பனை எப்படியோ, செம்பனைக்கு இது அப்படி. கட்டும்பொழுது கூட்டம், கட்டி முடிந்தபின் இயந்திரங்களும் ஒரு சிறு கூட்டம் நிபுணரும் காவலாளிகளும். நம் பிள்ளைகள் அந்நிபுணர் கூட்டத்தில் இருப்பார்களா, வாயிற்காவலில் இருப்பார்களா என்பதே கேள்வி.

ஜில்லாவாரியாக, ஆண் பெண் பிரித்து, தோட்டத்தை விட்டுக் குடிபெயர்ந்தவரையும் பாலம் கடந்து உழைப்பவரையும் தனித்தனியே காட்டிக் கணக்கு வெளியிடுமாறு சர்க்காரைக் கேட்கின்றோம். லயத்து வீட்டை வேலையோடு முடிச்சுப் போடும் வழக்கத்தை ஒழிக்குமாறும் கேட்கின்றோம். அதுவரையில், வேலை நீக்கம் பெறும் தோழர்கள் ஏமாறாதிருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்து ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு, இரண்டாண்டுக்குட்பட்ட சேவையாயின் ஆண்டுக்குப் பத்து நாள் கூலி, ஐந்தாண்டுக்குட்பட்டதாயின் பதினைந்து நாள், அதற்கு மேலாயின் இருபது நாள் கொடுத்தாக வேண்டும். 2018 முதல் வேலை இழந்தோர் காப்புறுதியும் உண்டு. முந்தைய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதமாவது சந்தா கட்டியிருந்தால் முதல் மாதம் சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது, அடுத்த மாதம் ஐம்பது என்று குறைந்துகொண்டே வந்து கிடைக்கும். கண்டிராக்டரிடம் வேலை செய்வோர் தம் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று இன்றே விசாரித்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் வேலை போன நாள் முதல் 60 நாட்களுக்குள் சொக்சோ அலுவலகத்தைச் சேர வேண்டும்; லயத்தைக் காலி செய்யும் பரபரப்பில் அந்நாட்கள் கழிந்துவிடுகின்றன.