பெயரற்ற நோய்க்குறி

மூச்சைப்பற்றி நம் பேச்சுவழக்கிற் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இளைப்பு, இரைப்பு, திணறல், அடைப்பு, குறட்டை என நுணுக்கமாக வேறுபடுத்துகின்றோம். ஆயின், துயில்பவரின் மூச்சு ஓசையின்றி நின்று, சிறிது பொழுதின்பின் தானே மீளுவதற்கு வீட்டுவழக்கில் ஒரு பெயரில்லை. பெயரில்லாத காரணத்தால் அது வைத்தியரிடம் சொல்லப்படுவதுமில்லை. நெடுநாள் இருதயத் தளர்ச்சியுற்றோர்க்கு இதனால் நேரும் தீங்கு சிறிதன்று என்பது எமது துணிபு. எம் கல்லூரியின் மூத்த மாணவர் பலர் அறுபதைக் கடந்துவிட்டமையின் இதனை ஈண்டு எழுதத் துணிந்தோம். யாம் மருத்துவர் அல்லேம். சொல்லைக் கற்பிப்போர் மட்டுமே.

மருத்துவ நூலார் இதற்குப் பெயரிட்டுள்ளனர். 1818இல் தப்ளின் நகரில் ஜோன் செயின் என்னும் வைத்தியர், நோயாளி ஒருவரின் மூச்சுக் கால் நிமிடம் முற்றாக நின்று, மெல்லத் தோன்றி, படிப்படியாகப் பெருகி, மீண்டும் தணிந்து நின்றதைப் பதிவு செய்தார். 1854இல் அந்நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் தமது இருதய நோய் நூலில் இதனை விளக்கினார். இருவர் பெயராலும் செயின்–ஸ்டோக்ஸ் சுவாசம் என வழங்குகின்றது.

தளர்ந்த இருதயம் குருதியை மெல்லவே செலுத்தும். ஆதலின் நுரையீரலில் நிகழும் மாற்றம் மூளைக்குப் பிந்தியே எட்டும். வாவியில் தோணி திரும்பியதைப் பிந்தி உணர்பவன் மறுபக்கம் அளவுக்கு மிஞ்சித் திருப்புவான். தோணி இருபுறமும் அலையும். அவ்வாறே மூச்சு மிகையானால் காபனீரொட்சைட்டுக் குறைந்து மூச்சு நிற்கும். அவ்வாயு பெருகியபின் மூச்சுப் பொங்கும். இவ்வாறு இரவு முழுதும் அலைக்கழிந்தவர் பகலிற் சோர்ந்து கிடப்பார். நாமோ "வயது போய்விட்டது" என்று சொல்லி விடுகின்றோம்.

தொண்டை அடைபட்டுக் குறட்டையோடு திணறுவது பிறிதொரு வகை. இரண்டும் ஒருவரிடமே கூடியிருத்தலும் உண்டு. ஆகவே, கடல்கடந்த பிள்ளைகள் அன்பினால் அனுப்பும் மூச்சு இயந்திரத்தை வைத்தியரைக் கேளாது பூட்டுதல் தகாது. 2015இல் வெளியான பேராய்வொன்றில், இருதயம் மிகத் தளர்ந்த, மூளை வழியாய் மூச்சு நிற்கும் 1325 பேர் ஆராயப்பட்டனர். ஒருவகை இயந்திரம் மூச்சுத் தடையைக் குறைத்தது. ஆயினும் அதனைப் பூண்டோரிடையே இருதய நோயால் நேர்ந்த இறப்பு மிகுந்தது. பிற்பட்ட ஆய்வொன்றில் அத்தீங்கு காணப்படவில்லை; தெளிந்த நன்மையும் காணப்படவில்லை. இருதயத்துக்குரிய மருந்தைத் தவறாது உண்பதும் உப்பைக் குறைப்பதுமே முதல் வேலை. (கருவாட்டை விடுதல் எம் பகுதியார்க்கு எளிதன்று என்பதை அறிவோம்.)

களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்காயினும் மட்டக்களப்புக்காயினும் கிளினிக்குக்குச் செல்பவர் பகலில், விழித்த நிலையிலேயே செல்கின்றார். அவர் இரவைக் கண்டவர் மனைவியார் ஒருவரே. அவரோ மருந்துப் பையோடு வெளி வாங்கில் இருக்கின்றார்! அவரை உள்ளே அழைத்துச் செல்லுங்கள். மூச்சு எத்தனை வினாடி நின்றது, எத்தனை தலையணை வேண்டியிருந்தது, நள்ளிரவில் எழுந்து குந்தியிருந்தாரா என்பவற்றை அவர் சொல்லட்டும். சொல் வராவிடின் கைத்தொலைபேசியிற் பதிந்து காட்டலாம். இரண்டு நிமிடப் பதிவே போதும்.