ஹேண்டில் திருப்பி அடிக்கிறதா?

கேள்வி: வாப்பாவின் பழைய பெற்றோல் ட்ரக்டரை ஹேண்டில் போட்டுச் சுழற்றினால், அது எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடிக்கிறது. காபரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: திருப்பி அடிப்பது காபரேட்டரின் குறையல்ல, சகோதரி. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு வெகு முன்பே பிளக்கில் தீப்பொறி விழுவதுதான் காரணம். முதலில் பொயின்ற் இடைவெளியைப் பாருங்கள். அது கூடினாலும் தீப்பொறி முந்திவிடும். அதன் பின்பே டைமிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

காபரேட்டர் வழியே வெடித்தால் பிளக் வயர்கள் மாறியிருக்கலாம். 1946இல் வந்த பேர்குசன் டீஈ 20இல் வரிசை 1-3-4-2.

இவையெல்லாம் சரியாகியும் கரும்புகை வந்தால் பெற்றோல் அதிகம். சோக்கை இழுத்தால்தான் ஓடுமென்றால் பெற்றோல் போதவில்லை. அப்போது காபரேட்டரைக் கழற்றலாம்.

அதுவரை வாப்பா ஹேண்டிலைத் தொடாதிருப்பதே நல்லது, மணிக்கட்டு முறிந்துவிடும். திருத்திய பின்னரும் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்கச் சொல்லுங்கள்.